பரீட்சை ஹாலில் நான் தூங்கிய தூக்கம்

தூக்கம் வராதவனுக்கு ஊரிலுள்ள எல்லோரும் டாக்டர்கள். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். பல்வலி என்றால் பல் டாக்டர் பெயரைச் சொல்வார்கள். தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், அத்தனை பேரும் ஆளுக்கொரு மருந்தோடு நம் பக்கம் திரும்புவார்கள். (ஓடுகிற ஆட்டோவில் ஆட்டோக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவரும் திரும்பிவிடுவார்.)

யாழினி, கதிர், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தமிழை நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறீர்கள் என்பதால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பார்க்கிறேன். நானும் பெரிய படிப்புப் படித்தவனில்லை. தென்காசிப் பக்கம் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, தபாலில் பி.காம். சேர்ந்தேன். தபால் ஒழுங்காக வந்தது, படிப்புதான் வரவில்லை. பிறகு புனேக்கு வந்துவிட்டேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பரீட்சைக் கதையை நீங்கள் இரண்டு பேரும் ஊரெல்லாம் சொல்லி, சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் சேர்த்து, இப்போது என் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது என்கிற அளவுக்கு வந்திருக்கிறது. கதிர், அன்றைக்கு நீ பல் முளைக்காத கைக்குழந்தை. கண்ணாடி உடையவில்லை. நடந்தது இதுதான்.

ஹடப்சரில் ஒரு ஸ்வீட் கடைக்கு மாடியில், பங்குச் சந்தை புரோக்கர் ஆபீஸில் நான் டீலர். டீலர் என்றால் ஏதோ பெரிய முதலாளி என்று நம் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. உண்மையில் என் வேலை, போனை எடுப்பதும் கம்ப்யூட்டரைத் தட்டுவதும். வாடிக்கையாளர் போனில் 'இந்தப் பங்கு இத்தனை வாங்கு' என்பார். நான் அதையே அவருக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தட்டுவேன். வாங்குவதற்கு நீல நிறக் கட்டம் வரும், விற்பதற்குச் சிவப்பு. கடைசியில் கம்ப்யூட்டர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, நிச்சயம்தானா என்று கேட்கும். எண்டர் தட்டினால் முடிந்தது. தட்டிய பிறகு கடவுளே வந்தாலும் திருப்ப முடியாது.

ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அந்தப் பெட்டி வரும். முதல் மாதம் கண் அதைப் படித்தது. அதற்குப் பிறகு கண்ணுக்கு அந்த வேலை இல்லை, விரலே பார்த்துக்கொண்டது. பெட்டி தோன்றினால் விரல் இறங்கிவிடும். எங்கள் தொழிலில் இதற்குத் திறமை என்று பெயர்.

தப்பாகத் தட்டினால் நஷ்டம் தட்டியவன் தலையில். என் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டிவிட்டு அந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்கே போகவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் யார்தான் தூங்குவார்கள் என்று கேட்பீர்கள். கதிர் தூங்கினான். லோஹேகாவில் நம் வீட்டு மொட்டை மாடியை உரசுவதுபோல் போர் விமானங்கள் பறக்கும்போதுகூடத் தூங்கினான். உங்கள் அம்மாவும் யாழினியும் தூங்கினார்கள். நான் மட்டும் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, அன்றைக்குப் போட்ட ஆர்டர்களை முதலிலிருந்து மனதில் ஓட்டிப் பார்ப்பேன். வாடிக்கையாளர் ஜோஷி காகா வாங்கத்தானே சொன்னார்? நான் நீலத்தில் தட்டினேனா, சிவப்பிலா? நீலம்தான், நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் போர்த்தியிருக்கிற போர்வையும் நீலம். ஒருவேளை அதைப் பார்த்துத்தான் ஆர்டரும் நீலமாகத் தெரிகிறதோ?

உங்கள் அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள். "கேஸ மூடினோமான்னு சந்தேகம் வந்தா எந்திச்சுப் போய்ப் பாக்கலாம். ஜோஷி காகா ஆர்டர இப்ப எங்க போய்ப் பாப்பிய? பேசாம படுங்க."

பேசாமல் படுப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. தூக்கத்துக்குத்தான் ஆட்சேபணை இருந்தது.

மருந்துகள் வரத் தொடங்கின. கீழ் வீட்டில் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். நூறிலிருந்து பின்பக்கமாக எண்ணிக்கொண்டே படுக்கச் சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் அவர் பங்குச் சந்தையில் வேலை பார்த்தவரில்லை. நூறு, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு என்று எண்ண எண்ண, ஏதோ ஒரு பங்கு என் கண் முன்னால் இறங்கிக்கொண்டே போவதுபோல் இருந்தது. எழுபதுக்கு வருவதற்குள் வியர்த்துவிட்டது. எழுந்து தண்ணீர் குடித்தேன்.

அடுத்து சங்கர் மாமா. (அப்போது உங்கள் மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. புனேயின் இன்னொரு கோடியில், வாகட்டில், நான்கு பேரோடு ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, எல்லோருக்கும் ஆலோசனை சொல்வான்.) கையில் கட்டுகிற பட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். "அத்தான், இத மாட்டிக்கிட்டுப் படுங்க. எவ்வளவு நல்லாத் தூங்கினியன்னு காலைல மார்க் போடும்." அதுவும் மார்க் போட்டது. முதல் நாள் நாற்பத்தொன்று, மறுநாள் முப்பத்தெட்டு. எனக்கு அது விலை நிலவரமாகவே பட்டது. மூன்று புள்ளி இறங்கிவிட்டதே, நாளைக்கு இன்னும் இறங்குமோ என்ற கவலையில், இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. சந்தை சாயங்காலத்தோடு மூடிவிடும். கையில் கட்டியிருந்தது இரவெல்லாம் திறந்திருந்தது.

இந்த நிலைமையில்தான் பரீட்சை வந்தது.

டீலராக உட்கார ஒரு சர்டிபிகேட் வேண்டும். அது சில வருடங்களுக்கு ஒரு தடவை காலாவதியாகும், திரும்பவும் பரீட்சை எழுதித்தான் வாங்க வேண்டும். என்னுடையது அந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்று எங்கள் முதலாளி பாட்டீல் சார் ஞாபகப்படுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் விதியைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். சர்டிபிகேட் இல்லாதவன் டெர்மினலை, அதாவது ஆர்டர் போடுகிற கம்ப்யூட்டரை, தொடக்கூடாது, டெர்மினலைத் தொடாதவனுக்கு டீலர் சம்பளம் எப்படிக் கொடுப்பேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. யாழினியை அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

படித்தேன். புத்தகம் முழுக்க ஆங்கிலம். தினமும் கையால் செய்கிற வேலைதான், ஆனால் புத்தகத்தில் அதற்கு வைத்திருந்த பெயர்களைப் பார்த்தால் வேறு யாரோ செய்கிற வேலை மாதிரி இருந்தது. தப்பான பதிலுக்கு மார்க் வேறு குறைப்பார்களாம். பரீட்சைக்கு முதல் நாள், எல்லாம் தெரிந்தது போலவும் ஒன்றும் தெரியாதது போலவும் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. "படிச்சது போதும். இன்னைக்கு ஒரு ராத்திரி நல்லாத் தூங்கிட்டியன்னா எல்லாம் தன்னால ஞாபகம் வரும்" என்று சொல்லிவிட்டு, ஜாதிக்காயை எடுத்தாள்.

கல்லில் இரண்டு இழைப்பு இழைத்து, சூடான பாலில் கலக்கினாள். கைக்குழந்தைக்குக் கொடுக்கிற அளவு. எனக்கு வருத்தமாகிவிட்டது. பல் முளைக்காதவனுக்கும் குடும்பத் தலைவனுக்கும் ஒரே அளவா? என் பிரச்சினை என்ன, அதற்கு இரண்டு இழைப்பு எம்மாத்திரம்? அவள் கதிரைத் தொட்டிலில் போட உள்ளே போன நேரம் பார்த்து நான் கல்லை எடுத்தேன். இழைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் இழைத்தேன். நான் கல்லைக் கழுவி வைத்தபோது ஜாதிக்காய் பாதியாகியிருந்தது. பாலில் மண் கரைத்த நிறம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

(பிள்ளைகளே, இதை மட்டும் செய்யாதீர்கள். ஜாதிக்காய் அளவு மீறினால் விஷம் மாதிரி என்று பிறகு டாக்டர் திட்டினார். எனக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம்.)

படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நீலமா, சிவப்பா என்று வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. விடிகிற வரைக்கும் விழித்திருந்து, காலையில் முதல் விமானம் கிளம்பிய சத்தத்தோடு நானும் எழுந்து குளித்தேன். ஜாதிக்காயைப் பற்றி மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தைகூடச் சொன்னேன். அது மெதுவாக வேலை செய்கிற சரக்கு என்பது எனக்குத் தெரியாது. இரவு பூராவும் வயிற்றில் காத்திருந்துவிட்டு, சரியாகச் சந்தை திறக்கிற நேரத்துக்குத்தான் அதுவும் திறந்தது.

பரீட்சை, புனேயில் கேம்ப் என்கிற பகுதியில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். மேற்பார்வைக்கு இருந்த மராட்டிப் பெண் காலேஜ் முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, ஆனால் கண்டிப்பில் தலைமையாசிரியை. போனையும் கைப்பட்டையையும் வாங்கி ஒரு சின்ன லாக்கரில் போட்டுப் பூட்டி, சாவியை என்னிடம் தந்தாள். சுழல் நாற்காலி, முதுகு உயரமாக, தலை சாய்க்க வசதியோடு. ஏசி மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு மூடியதும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதை நான் எதிர்பார்க்கவேயில்லை. வேலை நாளில், சந்தை திறந்திருக்கிற நேரத்தில், யாராலும் எனக்குப் போன் செய்ய முடியாது. ஜோஷி காகாவால் முடியாது. பாட்டீல் சாராலும் முடியாது. டீலர் ஆன பிறகு முதல் தடவையாக எனக்கு அப்படி ஒரு நேரம் கிடைத்திருந்தது.

தொடக்கத்தில் நன்றாகவே எழுதினேன், அதைச் சொல்லியாக வேண்டும். கிட்டத்தட்ட பாதி தூரம் கேள்விகள் எனக்குத் தெரிந்தவையாகவே வந்தன. பிறகு பெரிய பத்தியாக ஒரு கேள்வி வந்தது. ஒரு முதலீட்டாளர், அவருக்கு ஒரு புரோக்கர், அந்த புரோக்கர் இறந்துபோனால் என்று ஆரம்பித்தது. படித்தேன். புரியவில்லை. திரும்பப் படித்தேன். புரோக்கர் இறந்த இடத்துக்கு வரும்போது கண் சொக்கியது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறக்கலாம் என்று நினைத்தேன். மூடுகிற பாதி நிறைவேறியது.

அந்தத் தூக்கத்தை எப்படிச் சொல்வது? நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. கனவும் கிடையாது. வெயிலில் அலைந்து வந்து பானைத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் என் குறட்டையைப் பற்றிப் புகார் செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். (குறட்டை விட்டது உண்மை. கண்ணாடி உடையவில்லை.)

தலை ஒருபக்கமாகச் சாய்ந்தபோது கை மௌஸ் மேல் இருந்திருக்கிறது. அது நகர்ந்து போய் எங்கேயோ அழுத்தி, பரீட்சையை முடித்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிற பெட்டியைத் திறந்துவிட்டிருக்கிறது. பெட்டி திறந்தபடி, நான் கண்ணை மூடியபடி, இரண்டு பேரும் எவ்வளவு நேரம் எதிரெதிராக இருந்தோமோ தெரியாது. அப்போதுதான் அந்தப் பெண் வந்து மேஜையை மெதுவாகத் தட்டி, "சார்" என்றாள்.

நான் கண்ணைத் திறந்தேன். எதிரே திரை. திரையில் சின்னப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் யாரோ சார் என்கிறார்கள்.

விரல் இறங்கிவிட்டது.

இறங்கியது மட்டுமல்ல. போனில் வாடிக்கையாளரிடம் தினமும் சொல்கிறபடி, தெளிவான குரலில், "ஜாலா சார். அஜூன் காஹி?" என்றும் கேட்டேன். ஆச்சு சார், வேற ஏதாவது உண்டா என்று அர்த்தம். ஹாலில் அத்தனை தலைகளும் திரும்பின.

வேறு ஏதும் இருக்கவில்லை. திரையில் மார்க் வந்துவிட்டது. பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் கீழே. எழுதாத கேள்விகள் பின்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இதைக் கேன்சல் செய்ய முடியுமா என்று அவளிடம் கேட்டேன். கேட்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கேள்வியைத் தினமும் என்னிடம் யாராவது கேட்பார்கள், முடியாது என்று சொல்லும்போது என் குரல் எப்படி இருக்குமோ, அவள் குரலும் அப்படியே இருந்தது.

கோபப்பட்டிருக்க வேண்டும், அல்லது அழுதிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாதி ஜாதிக்காய் இன்னும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பெண்ணிடம் மிகவும் பணிவாக ஒன்று கேட்டேன். பரீட்சை நேரம் இன்னும் பாக்கி இருக்கிறதே, அதுவரைக்கும் இந்த நாற்காலியிலேயே இருந்துகொள்ளட்டுமா?

அவள் என்னை எழுப்பிக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் வெளியே வரவேற்பறை சோபாவில் உட்கார வைத்தாள். உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் அம்மா சொல்லித்தான் தெரியும். பாஸா, பெயிலா என்று கேட்க பாட்டீல் சார் எனக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார். போன் லாக்கருக்குள். சாவி என் சட்டைப் பையில். அவர் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். பரீட்சை எப்போதோ முடிந்திருக்குமே என்று அவர் சொன்னதும், உங்கள் அம்மா ஸ்கூட்டர், லாரி என்று எதையெல்லாமோ நினைத்துப் பதறிவிட்டாள். சங்கருக்குச் சொல்லிவிட்டு, கதிரை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து யூனிபார்ம் மாற்றாத யாழினியையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். சங்கர் வாகட்டிலிருந்து கிளம்பி டிராபிக்கில் நின்றுகொண்டிருந்தான். (நாங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அவன் கேம்புக்குப் போய்ச் சேர்ந்தான்.)

அவள் உள்ளே நுழைந்தபோது, நான் சோபாவில் முழு நீளத்துக்குக் கிடந்தேனாம். வாய் திறந்திருந்ததாம். மதியம் பரீட்சை எழுத வந்தவர்கள் எழுதி முடித்து, என் காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்களாம். வாட்ச்மேன் என்னை எழுப்ப வந்தார். உங்கள் அம்மாவின் ஹிந்தி அப்போது காய்கறிக்கடை வரைக்கும்தான் போகும். அதை வைத்துக்கொண்டே அவரைத் தடுத்து நிறுத்தினாள்.

"பையா, மத் உடாவ். ஏக் சால் ஸே நஹி ஸோயா."

எழுப்பாதீர்கள், ஒரு வருடமாக இவர் தூங்கவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு என் காலடியில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நானாக எழுந்திருக்கிற வரைக்கும் மூன்று பேரும் காத்திருந்தீர்கள்.

கண் விழித்ததும் முதலில் தெரிந்தது யாழினியின் முகம். "அப்பா, பாஸா?" என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். அப்போதுதான் எனக்குள் பயம் முழுசாக விழித்தது. உங்கள் அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவள் கதிரை என்னிடம் கொடுத்துவிட்டு, கலைந்திருந்த என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"வேலைய நாளைக்குப் பாத்துக்கிடலாம். இப்ப எந்திங்க. சென்டர மூடணுமாம், அந்தப் பொண்ணு பாவம், நமக்காக நிக்குது" என்றாள். ஜாதிக்காய்க் கணக்கு அவளுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அப்போது சொன்னதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பாட்டீல் சாரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் கேபின் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் கேட்டார். "ஜாதிக்காயா? எவ்வளவு போட்டீங்க?" பாவம், அவருக்கும் வருடக்கணக்காகத் தூக்கமில்லை. என் தொழில் வாழ்க்கையில் முதலாளி என்னிடம் ஆலோசனை கேட்டது அந்த ஒரு தடவைதான். இரண்டு இழைப்புக்கு மேல் வேண்டாம் என்று அனுபவஸ்தனாகச் சொன்னேன். தீர்ப்பை அதற்காக அவர் மாற்றவில்லை. அடுத்த பரீட்சை வரைக்கும் டெர்மினல் பக்கம் வரக்கூடாது, அதிலும் பெயிலானால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தச் சில வாரங்கள் வாடிக்கையாளர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிற வேலை பார்த்தேன். வேலை நிலைக்குமா என்பதே தெரியாது. சம்பளமும் குறைவு. ஆனால் ஒன்று நடந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. பாலில்லை, பட்டையில்லை, எண்ணிக்கை இல்லை. நான் எண்டர் எதையும் தட்டவில்லையே, எதைத் திரும்பப் பார்ப்பது? என் வியாதி படுக்கையில் இல்லை, அந்தச் சின்னப் பெட்டியில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த விஷயங்கள் குறைவு, அதனால் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாம் தடவை பரீட்சைக்குப் போனபோது அதே பெண். என் பெயரைப் பார்க்காமலேயே அடையாளம் தெரிந்துகொண்டு, தன் மேஜைக்கு நேர் எதிரே, ஏசி படாத இடத்தில், முதுகு தாழ்ந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். நடுநடுவே தொண்டையைச் செருமிக்கொண்டாள். பெட்டி வந்தபோது நான் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்தேன். பிறகுதான் தட்டினேன். பாஸ். கிட்டத்தட்டக் கைதட்டவே போய்விட்டாள் அந்தப் பெண்.

இப்போதும் அதே ஆபீஸ், அதே சீட். ஒரு மாற்றம்தான். சந்தை மூடியதும் அன்றைய ஆர்டர்கள் எல்லாவற்றையும், பக்கத்து சீட்டுக்காரர் வாசிக்க, திரையில் ஒரு தடவை ஒத்துப் பார்ப்பேன். தப்பிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பார்த்து முடித்தால் முடிந்ததுதான், படியிறங்கும்போது அது என்னோடு வராது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். சந்தேகத்தை அது பிறந்த இடத்திலேயே தீர்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். ஜாதிக்காயைப் பாயசத்தில் போடலாம்.

சரி, மிச்சக் கதையை நீங்கள்தான் உண்டாக்கினீர்கள். அன்றிலிருந்து நம் வீட்டில் யாரும் தூங்குவதில்லை, 'பரீட்சை எழுதுகிறோம்'. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சத்தம் போட்டால், அப்பா எழுதுறாங்க, மெதுவாப் பேசு என்று யாழினி அதட்டுவாள். போன வருடம் அப்படி ஒரு மத்தியானம் தென்காசியிலிருந்து என் தாய்மாமா போன் செய்தார். கதிர் எடுத்து, அப்பா பரீட்சை எழுதிட்டிருக்காங்க, எழுப்ப முடியாது என்று சொல்லி வைத்துவிட்டான். மாமாவுக்கு எழுப்ப முடியாது என்பது காதில் ஏறவில்லை. இந்த வயதிலும் மருமகன் விடாமல் படிக்கிறான் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பரப்பிவிட்டார். கலெக்டர் பரீட்சையா என்றுகூட ஒருவர் விசாரித்தாராம்.

ஒரு கல்யாணத்தில் நேரில் பார்த்தபோது, பந்தியில் அத்தனை பேர் நடுவில் மாமா என்னிடம் கேட்டார். "ஏய்யா, அந்தப் பரீட்சை என்னாச்சு? பாஸ் ஆயிட்டியா, இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கியா?"

என் வாயில் சோறு இருந்தது. உங்கள் அம்மாதான் பதில் சொன்னாள், சிரிக்காமல், இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தெனமும் எழுதுதாங்க மாமா. இப்பல்லாம் படுத்த ஒடனே பாஸ்தான்."